ஹசாரா: ஒரு பெயருக்குள் ஓர் ஆயிரம்

காபூல் வானத்தில் அறுந்த பட்டம் ஒன்று ஆடியாடி இறங்குகிறது. அதைப் பிடித்துவர ஓடும் முன், வேலைக்காரரின் மகன் ஹசன், முதலாளியின் மகன் அமீரைத் திரும்பிப் பார்த்து, உனக்காக ஆயிரம் தடவை வேண்டுமானாலும் ஓடுவேன் என்கிறான். காலித் ஹுசைனியின் 2003ஆம் ஆண்டு நாவலைத் தழுவி, மார்க் ஃபார்ஸ்டர் இயக்கத்தில் 2007இல் வந்த ‘தி கைட் ரன்னர்’ படத்தைப் பார்த்தவர்கள் மறக்காத வரி அது. (படத்தில் நாம் பார்க்கும் காபூல், பெரும்பாலும் சீனாவின் காஷ்கர் நகரம்.)

படத்தில் பெரும்பாலும் தரி மொழிதான் பேசுகிறார்கள். தரி என்பது ஆப்கானிஸ்தானின் பாரசீகம். அதில் ஆயிரத்துக்குச் சொல் ‘ஹஸார்’. ஹசன் பிறந்த இனத்தின் பெயர் ‘ஹஸாரா’. அன்பைச் சொல்ல அவன் எடுத்த எண்ணும், அவனைத் தெருவில் நிறுத்தி ஏசுகிறவர்கள் எடுக்கும் பெயரும் ஒரே வேரில் வந்தவை. திரையின் அடியில் ஓடும் மொழிபெயர்ப்பை மட்டும் படிக்கிறவருக்கு இது பிடிபடாது.

எண் எப்படி இனப்பெயர் ஆயிற்று? செங்கிஸ் கானின் படை பத்து, நூறு, ஆயிரம், பத்தாயிரம் என்று அடுக்கப்பட்டிருந்தது. ஆயிரவர் கொண்ட பிரிவுக்கு மங்கோலிய மொழியில் ‘மிங்கான்’ என்று பெயர். பாரசீகம் பேசியவர்கள் அதைத் தங்கள் மொழியில் ‘ஹஸாரா’ என்றார்கள். நடு ஆப்கானிஸ்தானின் மலைநாட்டில் தங்கிய இத்தகைய படையினரும், துருக்கியரும், அங்கே முன்பே வாழ்ந்தவர்களும் கலந்து உருவான மக்களுக்கு அந்தப் பெயரே நிலைத்தது என்பது ஆய்வாளர்களிடையே பரவலான கருத்து. மாற்றுக் கருத்துகளும் உண்டு. அவர்கள் பேசும் ஹஸாரகியும் பாரசீகத்தின் ஒரு வழக்குதான். மங்கோலியச் சொற்கள் சில அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஆள் கணக்குக்கு வைத்த பெயர் பின்னாளில் வசைச்சொல் ஆனது. ஹசாராக்களில் பெரும்பாலோர் ஷியா முஸ்லிம்கள். ஆட்சியில் இருந்த பஷ்தூன்கள் சுன்னி. 1890களின் தொடக்கத்தில், ஆப்கானிஸ்தானை ஆண்ட அமீர் அப்துர் ரஹ்மான் கான் படையனுப்பி ஹசாராக்களை ஒடுக்கினார். நிலம் பறிபோனது, பலர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள், தப்பியவர்கள் இன்றைய பாகிஸ்தானில் உள்ள குவெட்டாவுக்கும் ஈரானின் மஷ்ஹதுக்கும் ஓடினார்கள். அடிமை முறை 1920களில், அமானுல்லா கான் காலத்தில்தான் சட்டப்படி ஒழிந்தது. ஹசனின் சப்பை மூக்கைப் பழிக்கும் பையன்கள் அந்த நூற்றாண்டுப் பழக்கத்தைத்தான் பேசுகிறார்கள். முதலாளி மகனின் பெயரான ‘அமீர்’ என்றால் தலைவன், ஆள்பவன். கதாசிரியர் யோசித்துத்தான் வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி நம் பக்கம். பாரசீக ‘ஹஸார்’, சமஸ்கிருத ‘ஸஹஸ்ர’ இரண்டும் உடன்பிறப்புகள். நம் ‘ஆயிரம்’ அந்த ஸஹஸ்ரத்திலிருந்து பிராகிருதம் வழியாக வந்தது என்பது மொழியியலாளர் பலரின் முடிவு. கன்னடத்தில் ‘சாவிர’ என்கிறார்கள். அங்கே முதலெழுத்துச் சகரம் தங்கிவிட்டது, தமிழில் உதிர்ந்துவிட்டது. ‘சிராவண’ ஆவணியானதும் இந்த வழியில்தான். ‘அயிர்’, அதாவது நுண்மணல், என்ற தமிழ்ச் சொல்லே ஆயிரத்துக்கு வேர் என்று பாவாணர் வழியினர் சொல்வார்கள். கன்னடச் சகரத்தைக் கண்ட பிறகு எனக்கு முதல் கட்சியே வலுவாகப் படுகிறது. அப்படியானால் ஹசனின் இனப்பெயர் நம் ஆயிரத்துக்குத் தூரத்து உறவு.

தமிழாக்க வேண்டுமென்றால் சொல் தயாராகவே இருக்கிறது: ஆயிரவர். சிதம்பரம் தீட்சிதர்களைத் தில்லை மூவாயிரவர் என்கிறோம். திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழுவைக் கல்வெட்டுகள் பேசுகின்றன. எண்ணால் ஒரு கூட்டத்தைக் குறிப்பது நமக்குப் புதிதல்ல. ஆனாலும் செய்தியிலும் கட்டுரையிலும் ‘ஆயிரவர்’ என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். பொருள் விளக்க அது உதவும், அவ்வளவுதான். மக்களின் பெயரை மொழிபெயர்த்தால், இருப்பவர்களே காணாமல் போய்விடுவார்கள். ஹசாரா என்றோ, கிரந்தம் வேண்டாதவர்கள் அசாரர் என்றோ எழுதலாம். மூலத்தில் நடு எழுத்துதான் நெடில். கடைசி உயிர் குறில். தமிழில் அதையும் நெடிலாக்கியே பழகிவிட்டோம், இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கை. பாகிஸ்தானில் அபோட்டாபாத்தைச் சுற்றியுள்ள பகுதிக்கும் ஹசாரா என்றுதான் பெயர். அங்கே பெரும்பாலும் ஹிந்த்கோ பேசுகிறார்கள். அவர்கள் வேறு மக்கள். இரண்டையும் குழப்பி எழுதிய செய்திகளைப் பார்த்திருக்கிறேன். ஹம்பியின் ஹசார ராமர் கோயில் தனிக் கதை: சுவர் நிறைந்த இராமாயணச் சிற்பங்களால் ‘ஆயிரம் ராமர்’ என்பார் ஒருசாரார், அரண்மனை முன்கூடத்தைக் குறிக்கும் தெலுங்குச் சொல் என்பார் மறுசாரார்.

படத்துக்கே திரும்பினால், ஹசனின் அந்த வரிக்குத் தமிழில் ‘எத்தனை தடவை வேண்டுமானாலும்’ என்று போடலாம். பேச்சு இயல்பாகத்தான் இருக்கும். நானாக இருந்தால் ‘ஆயிரம் தடவை’ என்றே போடுவேன்.