படகில் பெட்ரோல் வாடையா? பழைய டேங்கை மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

"டேங்க் ஃபுல் பண்ணினா மட்டும் லேசா வாடை வருது, ரெண்டு நாள்ல தானா போயிடுது." பழைய விசைப்படகு வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் வாக்கியம் இது. பாதிக் காரணம் இதிலேயே தெரிந்துவிடும். நிரப்பியதும் வந்து, எரிபொருள் இறங்கியதும் மறையும் வாடை என்றால் கசிவு மேல்மட்டத்தில் இருக்கிறது: நிரப்பும் ஹோஸ், காற்றுக்குழாய், ஃப்யூயல் கேஜின் மிதவை பொருந்தும் இடத்து கேஸ்கெட், அல்லது டேங்கின் மேல்தகடு. எவ்வளவு காலியானாலும் வாடை நிற்கவில்லை என்றால் அடித்தகட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஹோஸை மாற்றினாலே தீர்ந்திருக்கும் விஷயத்துக்கு மேல்தளத்தை அறுத்து டேங்கை வெளியே எடுத்தவர்களும் உண்டு.

காரில் ஒழுகினால் பெட்ரோல் தரையில் சொட்டும், ஆவி காற்றோடு போய்விடும். படகில் அதற்குப் போக்கிடம் இல்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். படகின் அடிப்பகுதியிலேயே தேங்கும். காற்றில் சுமார் 1.4 சதவீதம் கலந்தாலே போதும், ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். இன்ஜினை இயக்கும் முன் 4 நிமிடம் பிளோயரை (ஆவியை வெளியே தள்ளும் மின்விசிறியை) ஓட்டச் சொல்லும் எச்சரிக்கைப் பலகையை உள்ளே இன்ஜின் உள்ள படகுகளில் பார்த்திருப்பீர்கள். அது வழக்கமாகச் சேரும் ஆவிக்கான ஏற்பாடு. அடியில் பெட்ரோலே தேங்கிக் கிடக்கும்போது பிளோயர் எவ்வளவு ஓடினாலும் ஆவி வந்துகொண்டேதான் இருக்கும். வாடை பலமாக இருந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். ஆட்களை இறக்குங்கள், மூடிகளைத் திறந்து காற்றாட விடுங்கள்.

கசிவு டேங்கில்தானா என்று உறுதிசெய்ய, பெட்ரோலை வெளியேற்றிவிட்டு எல்லா வாய்களையும் அடைத்து, கைப்பம்பால் மெதுவாகக் காற்றேற்றிப் பார்க்கலாம். டேங்கின் லேபிளில் சோதனை அழுத்தம் இருக்கும். பெரும்பாலும் 3 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு). அற்பமாகத் தோன்றும், ஆனால் ஒரு சதுர மீட்டர் தகட்டின் மேல் அது இரண்டு டன் எடைக்குச் சமம். கம்ப்ரஸரை நேராக மாட்டினால் நல்ல டேங்கும் உப்பிக் கிழியும்.

இனி, டேங்க் ஏன் ஓட்டையாகிறது? பெட்ரோல் உள்ளிருந்து அரிக்கிறது என்றே பலர் நினைக்கிறார்கள். நான் வெளியே எடுத்துப் பார்த்த அலுமினிய டேங்குகளில் பெரும்பாலானவை வெளிப்பக்கமிருந்துதான் அரித்திருந்தன. அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலம். அந்தப் படலம் நிலைக்கக் காற்று படவேண்டும். பழைய படகுகள் பலவற்றில் டேங்கை வைத்துச் சுற்றிலும் ஃபோம் ஊற்றிவிடுவார்கள். நாளடைவில் ஃபோம் தகட்டைவிட்டு விலகும், அந்த இடுக்கில் உப்புநீர் இறங்கும், இறங்கிய நீர் காயாது. ஃபோமை உரித்தால் தகட்டில் வெள்ளை மாவு திட்டுத்திட்டாக அப்பியிருக்கும். மாவைச் சுரண்டினால் கீழே குழிகள். சரியாகத் தெரிகிற இடத்திலும் ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாக அழுத்தினால் பொத்துக்கொண்டு உள்ளே போகும். ஒழுகியது கடுகளவு ஓட்டை ஒன்றாக இருக்கலாம், ஆனால் அதைச் சுற்றி ஓட்டையாகக் காத்திருக்கும் குழிகள் ஏராளம். அதனால்தான் பற்றவைத்தோ எபாக்ஸி பூசியோ ஒட்டுப்போடுவதை நான் ஏற்பதில்லை.

பற்றவைப்பதில் இன்னொரு பேராபத்து உண்டு. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் வெடிக்கும். உள்ளே இருப்பது முழுக்க ஆவியும் காற்றும். டேங்கை எடுப்பதற்காக மேல்தளத்தை அறுக்கும்போதும் இதே கவலைதான். பேட்டரியைக் கழற்றி வெளியே வையுங்கள். பெட்ரோலை இறைக்க அதற்கென உள்ள பம்பையே பயன்படுத்துங்கள், படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்பை அல்ல. ஆவி அளக்கும் கருவி இல்லாமல் ரம்பத்தைக் கையில் எடுக்காதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் இந்த வேலையே வேண்டாம். உள்ளே உள்ள நீளவாட்டுச் சட்டங்களை அறுத்துவிடாதபடி ரம்பத்தின் ஆழத்தைத் தளத்தின் கனத்துக்கு மட்டும் வைக்க வேண்டும்.

புதிய டேங்கைப் பழைய டேங்க் இருந்த விதமாகவே வைத்தால், செலவழித்தது வீண். நிரந்தரமாகப் பொருத்தும் அலுமினிய டேங்குக்கு 5052 அல்லது 5083 வகைத் தகடு சரி. அதன் அடியில் மரமோ கார்ப்பெட்டோ கூடாது, இரண்டும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். நீர் உறிஞ்சாத பிளாஸ்டிக் பட்டைகளை டேங்கின் அடியில் இடுக்கே இல்லாதபடி ஒட்டி, அவற்றின் மேல் உட்கார வைக்க வேண்டும். சுற்றிலும் காற்று போகணும், தெறிக்கும் தண்ணீர் வடியணும். பாலிஎதிலீன் (பிளாஸ்டிக்) டேங்க் அரிக்காது; ஆனால் பெட்ரோல் ஏறியதும் 2 சதவீதம் வரை விரியும். மீட்டர் நீளத்துக்கு 2 செ.மீ. என்று கணக்கிட்டு இடம் விட வேண்டும். முன்பைவிடச் சிறிய டேங்க் வைப்பவர்கள், 100 லிட்டர் பெட்ரோல் சுமார் 74 கிலோ என்பதை நினைவில் வையுங்கள். படகு தண்ணீரில் நிற்கும் சாய்வே மாறலாம்.

டேங்கோடு ஹோஸ்களையும் மாற்றிவிடுங்கள். இந்த இடத்தில் மிச்சம் பிடிப்பது சரியல்ல. நிரப்பும் வாயின் உலோகம், டேங்க் இரண்டுக்கும் எர்த் கம்பி வேண்டும். அமெரிக்க விதிப்படி மின்தடை 100 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும். பெட்ரோல் பாயும்போது சேரும் நிலைமின்சாரம் பொறியாகாமல் வடிவது இதன் வழியாகத்தான்.

ஃப்யூயல் கேஜில் ஒரு சின்னச் சிக்கல். மிதவை தரும் மின்தடையை வைத்துத்தான் கேஜ் அளவைக் காட்டும். அமெரிக்க வகை மிதவை காலியில் 240 ஓம், நிறைந்தால் 33 ஓம். ஐரோப்பிய வகையில் காலி 10, நிறைவு 180. ஒன்றின் மிதவையை மற்றொன்றின் கேஜோடு இணைத்தால் காலி டேங்க் நிறைந்ததாகக் காட்டும். கடலுக்குள் போன பிறகு தெரியவேண்டிய விஷயமா அது?

மேல்தளத்தை ஒட்டி மூடும் முன்பே டேங்கை விளிம்புவரை நிரப்பி, படகைச் சற்றுச் சாய்த்து, ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்து முகர்ந்து பாருங்கள். பாதி நிரப்பினால் மேல் இணைப்புகளுக்குச் சோதனையே இல்லை. கழற்றிய பழைய டேங்கை அப்படியே பழைய இரும்புக் கடைக்கு அனுப்பாதீர்கள். அங்கே அதை வெட்டப்போகிறவருக்கு உள்ளே பெட்ரோல் ஆவி இருப்பது தெரியாது. அபாயக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள், அதுவரை வெயில் படாத திறந்த இடத்தில், "பெட்ரோல் டேங்க், வெட்டாதே" என்று பெரிதாக எழுதி வையுங்கள்.