வகை சொல்லாததை ஆவணம்தான் சொல்ல வேண்டும்

ஏபிஐ (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) வழியாக ஒரு சர்வரிலிருந்து வந்து சேரும் ஜேசன் தரவு (பெயரும் மதிப்புமாகத் தகவலை எழுதும் வடிவம்), வந்த நிலையில், வெறும் எழுத்துகளின் வரிசை மட்டுமே. அதில் 'வயது' என்ற புலத்தில், அதாவது அந்தப் பெயருள்ள இடத்தில், எண்தான் இருக்கும் என்பதற்கு அனுப்புபவரின் வாக்கைத் தவிர வேறு உறுதி கிடையாது. ஈவான் சாப்லிக்கி 2012-இல் வெளியிட்ட எல்ம் என்ற நிரல்மொழி அந்த வாக்கை நம்புவதில்லை. எதிர்பார்க்கும் வடிவத்தை டீகோடர் என்ற ஒன்றாக நிரலாளர் எழுதித் தர வேண்டும். தரவு அதற்குப் பொருந்தினால் வகை (எண்ணா, எழுத்தா என்பது) உறுதியான மதிப்பு கிடைக்கும், பொருந்தாவிட்டால் எந்த இடத்தில் பொருந்தவில்லை என்ற விளக்கத்துடன் பிழை கிடைக்கும்.

இவ்வளவு கண்டிப்பான மொழியில் எழுதிய நூலகத்துக்கு (பிறரும் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்புக்கு) ஆவணம் எதற்கு, வகையே எல்லாவற்றையும் சொல்லிவிடுமே என்று பலர் கருதுகிறார்கள். அது தவறு என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். வயது இல்லாமலும் போகலாம் என்பதை எல்மில் மூன்று விதமாக எழுத முடியும்: 'வயது' புலத்துக்குள் 'நல்லபிள்' (வெற்று மதிப்பை மட்டும் 'இல்லை' என்று ஏற்பது) இடலாம், புலத்துக்குள் 'மேபி' (உள்ளே எது பொருந்தாவிட்டாலும் 'இல்லை' என்று சொல்வது) இடலாம், அல்லது புலம் முழுவதையும் 'மேபி'யால் சுற்றலாம். மூன்றின் வகையும் ஒன்றே. நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றும் கம்பைலருக்கு அவற்றிடையே வேறுபாடு தெரியாது.

ஆனால் சர்வர் 42 என்ற எண்ணுக்குப் பதிலாக மேற்கோள் குறிக்குள் "42" என்று அனுப்பினால், முதலாவது விதம் பிழை காட்டி நின்றுவிடும், மற்ற இரண்டும் 'வயது இல்லை' என்று அமைதியாகக் கடந்துவிடும். புலமே வராவிட்டால் முதல் இரண்டும் பிழை காட்டும், மூன்றாவது மட்டும் அப்போதும் 'இல்லை' என்றே சொல்லும். இருக்கும் வயதை இல்லை என்று பதிந்துகொண்டு ஓடும் நிரலைவிட, நின்றுபோகும் நிரலே மேல் என்பது என் உறுதியான கருத்து. எண்களிலும் இப்படி ஒரு பள்ளம் உண்டு: எல்ம் ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழிக்கு மாறி ஓடுவதாலும், அதன் எண்களில் மிகப் பெரிய முழு எண்கள் துல்லியமாக அடங்காததாலும், 9007199254740993 என்ற அடையாள எண் பிழை எதுவும் இன்றி 9007199254740992 ஆகிவிடும்.

ஆகவே ஒவ்வொரு டீகோடருக்கும் மேலே, சரியான தரவு, வெற்று மதிப்பு, விடுபட்ட புலம், தவறான வகை ஆகிய நான்கையும் உள்ளீடாகக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் வரும் விடையை எழுதிவைப்பதே பயனுள்ள ஆவணம். வெளிப்படுத்தும் ஒவ்வொரு பெயருக்கும் விளக்கக் குறிப்பு இல்லாவிட்டால் எல்ம் அந்தத் தொகுப்பை வெளியிடவே விடாது. ஆனால் குறிப்பு இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, அதில் உள்ளது உண்மையா என்று பார்க்காது. பதிப்பு எண்ணையும் வகைகளை ஒப்பிட்டே கணக்கிடுகிறது. எனவே ஒருவர் 'மேபி'யைப் புலத்தின் உள்ளிருந்து வெளியே நகர்த்தினால், அது வெறும் சிறு திருத்தமாகவே பதிவாகும். ஆவணத்தில் உள்ள எடுத்துக்காட்டுகளைச் சோதனைகளாக மாற்றி ஓட்டும் கருவி எல்முக்கு உண்டு. விடுபட்ட புலத்துக்கான எடுத்துக்காட்டு அங்கே எழுதப்பட்டிருந்தால், அந்த நகர்வு வெளியீட்டுக்கு முன்பே பிடிபடும்.