விலைக்குள் ஒளிந்திருக்கும் டிவிடெண்ட்

பங்கு விலைச் சார்ட்டின் அடியில் டிவிடெண்ட் (கம்பெனி தன் லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் பணம்) குறிகள் தெரிகின்றனவே, எல்லாவற்றையும் நிரல் எழுதி ஒரே அட்டவணையாக எடுக்க முடியுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். முடியும். டிரேடிங்வியூ என்ற சார்ட் தளத்தின் பைன் ஸ்கிரிப்ட் நிரல் மொழியில் இதற்கென்றே ‘ரெக்வெஸ்ட்.டிவிடெண்ட்ஸ்’ என்ற கட்டளை இருக்கிறது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். டிவிடெண்ட் இல்லாத நாட்களை வெற்றாக விடச் சொல்லாவிட்டால், கடைசியாக வந்த தொகையையே அடுத்த டிவிடெண்ட் வரை தினமும் திருப்பித் தரும். அப்படியே கூட்டினால், வருடத்துக்கு 5 ரூபாய் தந்த கம்பெனி ஆயிரத்துக்கு மேல் தந்ததாகக் கணக்கு வரும்.

சரி, அந்த வசதி இல்லாத மென்பொருளில் என்ன செய்வது? முடிவு விலையும், டிவிடெண்டுக்காகத் திருத்தப்பட்ட முடிவு விலையும் கிடைத்தால் போதும். டிவிடெண்ட் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு டிவிடெண்டுக்கும் எக்ஸ்-டேட் என்று ஒரு நாள் உண்டு; அன்று முதல் பங்கை வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது. அதனால் விலை ஏறக்குறைய அந்த அளவுக்கு இறங்கித் திறக்கும். அதற்கு முந்தைய நாள் வாங்கினால் இலவசப் பணம் என்று இன்னமும் பலர் நம்புவது வருத்தமாக இருக்கிறது. போதாததற்கு, 2020 ஏப்ரல் முதல் அந்தத் தொகைக்கு வரியும் முதலீட்டாளர் தலையில்தான்.

அந்த இறக்கம் நஷ்டம் போலத் தெரியக் கூடாது என்பதற்காக, பழைய விலைகளையெல்லாம் ஒரு காரணியால் பெருக்குகிறார்கள். எக்ஸ்-டேட்டுக்கு முந்தைய நாள் முடிவு விலை 200 ரூபாய், டிவிடெண்ட் 5 ரூபாய் என்றால் காரணி 1 − 5/200, அதாவது 0.975. அதற்கு முந்தைய வருடம் விலை 160 ஆக இருந்தபோது 3.20 கொடுத்திருந்தால் அதன் காரணி 0.98. அதற்கும் முந்தைய விலைகள் இரண்டின் பெருக்கலான 0.9555 ஆல் சுருங்கும்.

இதைத் திருப்பிப் போடுங்கள். தினமும் திருத்திய விலையைச் சாதாரண விலையால் வகுத்தால் ஒரு படிக்கட்டு கிடைக்கும். டிவிடெண்ட் இல்லாத நாட்களில் அது அசையாது. எக்ஸ்-டேட்டில் மட்டும் ஒரு படி ஏறும். படிக்கு முந்தைய 0.9555ஐ, பிந்தைய 0.975 ஆல் வகுத்தால் 0.98, ஒன்றுக்கு மீதி 0.02ஐ 160 ஆல் பெருக்கினால் அதே 3.20! சந்தையின் அன்றாட இரைச்சல் முழுவதும் வகுத்தலில் அடிபட்டுப் போய், கம்பெனி கொடுத்த பணம் மட்டும் மிஞ்சுவது எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

விலைகள் இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கப்படுவதால் படிக்கட்டு லேசாக நடுங்கும். காரணி 0.25 வரை இறங்கிய பழைய காலத்தில் பிழை 4 பைசா வரை போகும். எனவே மிகச் சிறிய படிகளை நிரல் ஒதுக்கிவிட வேண்டும்.

இந்த மாதிரி விலைத் தரவை ஒழுங்குபடுத்த சிகாகோ பல்கலைக்கழகம் 1960லேயே மெரில் லிஞ்ச் நிதியில் ஒரு மையம் தொடங்கி, 1926 வரை பின்னோக்கிச் சேகரித்தது. நம் பல்கலைக்கழகங்களுக்கும் இதற்கென நிதி ஒதுக்கி, தரவை யாரும் இலவசமாக எடுக்கும்படி வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்புறம், போனஸ் (கூடுதல் பங்குகளை இலவசமாகத் தருவது), ஸ்பிளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது). ஒன்றுக்கு ஒன்று போனஸுக்கு முன்பு கொடுத்த 10 ரூபாய், அதற்கும் சேர்த்துத் திருத்திய சார்ட்டில் 5 ரூபாயாகத்தான் வரும். கம்பெனி அறிவிப்போடு ஒப்பிடும்போது இன்னொன்றையும் பாருங்கள்: 250 சதவீத டிவிடெண்ட் என்று அறிவித்தால், அது சந்தை விலையின் மீது அல்ல, பங்குக்குக் கம்பெனி குறித்திருக்கும் முகமதிப்பின் மீது. 2 ரூபாய் முகமதிப்புக்கு அது 5 ரூபாய்.