சிஆர்பி 48 என்றால் கிருமிதானா?

இதயச் செயலிழப்பால் மூச்சு வாங்கி, கால் வீங்கி, இரவெல்லாம் சாய்ந்தே உட்கார்ந்திருந்த ஒருவரைக் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ வார்டில் சேர்த்தால், மறுநாளே இரத்த அறிக்கையின் படம் குடும்ப வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். "சிஆர்பி 48-ஆம், உள்ளே கிருமியாம்" என்ற பேச்சும் கூடவே வரும். சிஆர்பி என்பது உடலில் அழற்சி இருந்தால் இரத்தத்தில் ஏறும் ஒரு புரதம். கிருமி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இதயம் திணறும்போது இரத்தம் பின்னால் தேங்குகிறது. குடல் சுவர் நீர் கோத்து வீங்க, அங்குள்ள பாக்டீரியாவின் நச்சு இரத்தத்தில் கசிகிறது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 என்ற புரதம் ஏறுகிறது, அதன் தூண்டுதலில் கல்லீரல் சிஆர்பியைச் சுரக்கிறது. எனவே நிமோனியா இல்லாமலும் சிஆர்பி ஏறும். அதற்காக நிமோனியாவைத் தள்ளிவிடவும் முடியாது. பலருக்கு இதயம் திடீரென்று தளர்வதற்குக் காரணமே அதுதான். காய்ச்சல், சளி, எக்ஸ்ரே, தேவைப்பட்டால் புரோகால்சிட்டோனின் (பாக்டீரியா தொற்றைக் கணிக்க உதவும் இரத்தப் பரிசோதனை) எல்லாம் சேர்ந்துதான் விடை சொல்லும்.

சேர்த்த அன்றைய எண்ணைவிட, அது அடுத்த நாள்களில் போகும் திசை முக்கியம். சிஆர்பியின் அரை ஆயுள் ஏறக்குறைய 19 மணி நேரம். நீர் பிரிக்கும் மருந்தான லாசிக்ஸில் நீர் நன்றாகப் பிரிந்தும் மூன்றாம் நாள் அது இறங்கவில்லையென்றால், வேறு காரணத்தைத் தேட வேண்டும். ஒப்பிடும்முன் அலகைப் பாருங்கள்: டெசிலிட்டருக்கு 4.8 மில்லிகிராமும் லிட்டருக்கு 48 மில்லிகிராமும் ஒன்றே. ஆய்வுக்கூடம் மாறும்போது இதில் ஏமாறுவோர் நிறைய.

சாதாரண இரத்த அணுப் பரிசோதனையிலேயே இன்னொரு குறிப்பு கிடைக்கும். வெள்ளணு வகைகளான நியூட்ரோஃபில் 8.4, லிம்ஃபோசைட் 0.9 என்றிருந்தால், முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 9.3. உடல் அழுத்தத்தில் கார்ட்டிசால் ஏற, லிம்ஃபோசைட் குறைகிறது. இந்த விகிதம் உயர்ந்தவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதல் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஸ்டீராய்டு எடுத்தவரிடமும் அது உயரும். தனியாக எதையும் முடிவு செய்யாது. ஆல்புமின் என்ற இரத்தப் புரதம் குறைவதும், ஆர்டிடபிள்யூ (சிவப்பணுக்களின் அளவு வேறுபாடு) கூடுவதும் அப்படியே.

இதயச் செயலிழப்பா என்று கண்டறிய உதவுவது இவை அல்ல, இதயம் திணறும்போது அது இரத்தத்தில் விடும் என்டி-ப்ரோபிஎன்பி என்ற பொருள்தான். மில்லிலிட்டருக்கு 300 பிகோகிராமுக்குக் கீழ் இருந்தால் திடீர் இதயச் செயலிழப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. பருத்த உடலில் அது குறைவாகவும், சிறுநீரகம் கெட்டவர்களிடம் கூடுதலாகவும் காட்டும். வீடு திரும்பும்போது 30 சதவீதமாவது இறங்கியிருப்பது நல்ல அறிகுறி.

"அழற்சிதானே, மருந்தால் அடக்கிவிடலாம்" என்று தோன்றும். எட்டனர்செப்ட், இன்ஃப்ளிக்ஸிமேப் ஆகிய அழற்சி அடக்கும் மருந்துகளை இதயச் செயலிழப்பில் சோதித்தார்கள், பயனில்லை. இன்ஃப்ளிக்ஸிமேப் அதிக அளவில் தீங்கே செய்தது. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், போன்ஸ்டான் போன்ற வலி மாத்திரைகளை வாங்கிப் போடுவது இன்னும் ஆபத்து: உப்பையும் நீரையும் உடலில் பிடித்துவைத்து லாசிக்ஸின் வேலையைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் வாட்டும். பசார் மாலாமில் கிடைக்கும் வலி நிவாரண ஜாமு, மாஜுன் போன்ற நாட்டு மருந்துகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. எம்ஏஎல் (MAL) என்று தொடங்கும் மருந்துப் பதிவு எண்ணும் ஹாலோகிராமும் இல்லாத பொட்டலத்தைத் தொடாதீர்கள். ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு போனதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

வீடு வந்தபின் தினமும் காலையில் சிறுநீர் கழித்து, பசியாறுவதற்கு முன் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் கிளினிக்கை அழையுங்கள்; படுக்க முடியாமல் மூச்சு முட்டினால் 999.