நோய் வருமுன் வைத்தியசாலைக்குப் போகலாம்: திருகோணமலை முதியோருக்கு உரியவை

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின்படி, இலங்கையில் 60 வயதை அடைந்த எவரும் முதியவரே. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே நாட்டு மக்களில் 12.4 சதவீதமானோர் இந்த வயதை எட்டியிருந்தனர். பிள்ளைகள் கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் உழைக்க, பெற்றோர் தனித்திருக்கும் வீடுகள் மூதூரிலும் நிலாவெளியிலும் நாம் அன்றாடம் காண்பவை. அந்த வீடுகளில் இருப்போருக்குச் சட்டமும் சுகாதாரத் துறையும் என்ன வைத்திருக்கின்றன என்பதை இங்கே விளக்குகிறேன்.

முதலில் பெற வேண்டியது முதியோர் அடையாள அட்டை. முதியோருக்கான தேசிய செயலகம் வழங்கும் இந்த அட்டைக்குக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. பட்டினமும் சூழலும், கிண்ணியா, குச்சவெளி, வெருகல் என உங்கள் பிரிவு எதுவோ அந்தப் பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தித்து, தேசிய அடையாள அட்டையைக் காட்டி விண்ணப்பிக்கலாம். வைத்தியசாலை, வங்கி, அரச அலுவலகம் ஆகியவற்றின் வரிசைகளில் முன்னுரிமை கேட்க இது உதவும். இந்த அட்டை கிடைத்தால் மாதக் கொடுப்பனவும் தானாக வரும் என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். அது வேறு விடயம். குறைந்த வருமானமுடைய, 70 வயதைக் கடந்த முதியோருக்கான கொடுப்பனவு, அரசின் நலன்புரி உதவித் திட்டமான அஸ்வெசுமவின் வழியே வருகிறது. மாதம் 3,000 ரூபாவாக இருந்த அத்தொகை 2025இல் 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது.

பணத்தைப் பற்றி விசாரிக்க வருவோரில் மிகச் சிலரே சுகவாழ்வு நிலையத்தைப் பற்றிக் கேட்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது. அரச வைத்தியசாலைகளில் இயங்கும் இந்த நிலையங்கள் நோயாளருக்காக மட்டும் திறக்கப்பட்டவை அல்ல. 35 வயதைக் கடந்த, உடலில் எந்த முறைப்பாடும் இல்லாத ஒருவர் தம்மிடம் என்ன மறைந்திருக்கிறது என்று அறிந்துகொள்ளவே அவை இருக்கின்றன. உயரமும் நிறையும் அளந்து, குருதி அமுக்கமும் குருதியிலுள்ள சீனியின் அளவும் பார்த்து, வாயினுள் புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்கள் உண்டா என்று சோதித்து, அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வரக்கூடிய வாய்ப்பைக் கணித்துச் சொல்வார்கள். கட்டணம் கிடையாது. வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்துப் போடும் பழக்கமுள்ளவர்களுக்கு அந்த வாய்ச் சோதனை ஒன்றே போதும், போய்வந்த பேருந்துச் செலவுக்கு ஈடாக. சீனிச் சோதனைக்குக் காலையில் வெறும் வயிற்றுடன் போவது நல்லது, தண்ணீர் குடிக்கலாம். ஆனால் ஏற்கெனவே நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் பட்டினி கிடக்குமுன் தாதியரிடமோ வைத்தியரிடமோ கேட்டுக்கொள்ள வேண்டும்.

அங்கே தாதிய உத்தியோகத்தர் கேட்கும் கேள்விகளை விசாரணை என்று நினைத்துக் கூச்சப்படாதீர்கள். கடந்த ஓராண்டில் விழுந்தீர்களா என்று அவர் கேட்டால், “சும்மா கால் தடுக்கியது, அம்மா” என்று பதிலை முடித்துவிடாமல் எங்கே, எந்த நேரத்தில், எழும்பும்போதா நடக்கும்போதா என்பதையும் சொல்லுங்கள். அமுக்கத்துக்கான சில மருந்துகள் படுக்கையிலிருந்து எழும்போது தலைச்சுற்றை உண்டாக்கலாம். கிணற்றடியின் பாசியும் கண்ணில் வளரும் வெண்புரையும் கூடக் காரணமாகலாம். காரணம் தெரிந்தால்தான் அடுத்த விழுகையைத் தடுக்க முடியும். கிளினிக் கொப்பியுடன், ஆயுர்வேத மருந்து, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய குளிசை உட்பட வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோவது மிகவும் பயனுள்ளது, ஏனெனில் ஒரே மருந்தை இரு பெயர்களில் விழுங்கிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை; கருவாடும் ஊறுகாயும் தினமும் பரிமாறப்படும் கரையோர வீடுகளில் இதைத் தாதியரோடு பேசித்தான் சமையலுக்குப் பொருந்தும் வழியைக் காண வேண்டும். நடையும் அவ்வாறே: 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிடங்களாவது மிதமான உடலசைவும், மூன்று நாட்களாவது சமநிலை பேணும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்கிறது அதே நிறுவனம். திருகோணமலை வெயிலுக்கு விடியற்காலைக் கடற்கரையே உகந்தது.

பிள்ளைகள் இருந்தும் பார்ப்பாரில்லாமல் போகும் முதியோருக்கும் சட்டம் வழி வைத்திருக்கிறது. பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக்கூடாது என்பதும் அவர்களின் தேவைகளைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை என்பதும் முதலில் சொன்ன முதியோர் உரிமைகள் சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளன. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், அதே சட்டத்தின்கீழ் அமைந்த பராமரிப்புச் சபையிடம் விண்ணப்பித்துப் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை கோரலாம். அதற்கான வழிகாட்டலையும் முன்சொன்ன உத்தியோகத்தரிடமே கேட்கலாம். பெற்ற பிள்ளையின் மீதே முறையிடுவதா என்று பல தாய்மார் பின்வாங்குகிறார்கள். அந்த மனத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் மருந்துக்கும் சோற்றுக்கும் வழியில்லாதபோது உரிமையைக் கேட்பது பிள்ளையைப் பழிப்பதாகாது.

படுக்கையில் இருப்பவர்களுக்குச் சுகவாழ்வு நிலையங்கள் எட்டாதவை. பொதுச் சுகாதாரத் தாதிய உத்தியோகத்தர் பணியில் உள்ள வைத்தியசாலைகளில், வீட்டுக்கு வந்து பார்ப்பது அவரது கடமைகளுள் ஒன்று. ஆகவே வீட்டிலுள்ள ஒருவர் கிளினிக் கொப்பியோடு அருகிலுள்ள வைத்தியசாலைக்குச் சென்று, எத்தனை நாளாகப் படுக்கை, புண் இருக்கிறதா, எவ்வளவு சாப்பிடுகிறார் என்ற விவரங்களைச் சொல்லி வருகையைக் கேட்க வேண்டும். நிலைமை திடீரென மோசமானால் அதுவரை காத்திராமல் இலவச அம்புலன்ஸ் சேவையான 1990ஐ அழையுங்கள்.