இறந்த கிருமியின் டிஎன்ஏ நோயல்ல

கடந்த வாரம் கொழும்பு கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் எங்கள் ஆய்வுகூடத்திற்கு வந்தார். காசநோய்க்கான 6 மாத மருந்தை ஒரு நாளும் தவறாமல் உட்கொண்டு, குணமடைந்துவிட்டார் என்று மருத்துவர் சொல்லி 4 மாதங்கள் ஆகியிருந்தன. மன ஆறுதலுக்காக, யாரையும் கேளாமல், தனியார் ஆய்வுகூடமொன்றில் சளியைக் கொடுத்திருக்கிறார். காசநோய்க் கிருமியின் டிஎன்ஏ மிகச் சிறிய அளவில் இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. அன்று முதல் வீட்டில் அவருடைய பீங்கானும் கோப்பையும் வேறாக வைக்கப்பட்டிருக்கின்றன. "தங்கத் தகட்டில் ஒளியைப் பாய்ச்சி ஒரேயொரு டிஎன்ஏயைக்கூடப் பிடிக்கும் நனோ உணரி வந்திருக்கிறதாமே சேர், அதில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் அல்லவா?" என்று கேட்டார். இந்த மாதத்தில் இதே கேள்வியுடன் வந்த மூன்றாமவர் அவர்.

அதில் பார்த்தாலும் உண்மை தெரியாது. குழப்பம் கூடவே செய்யும்.

இந்த உணரிகளைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. 1996 இல் அமெரிக்க வேதியியலாளர் சாட் மிர்க்கின் குழுவினர் தங்க நனோத்துகள்களை டிஎன்ஏ இழைகளால் கோத்தபோது சிவப்புக் கரைசல் ஊதாவாக மாறியதிலிருந்து, இத்துறை வெகுதூரம் வந்துவிட்டது. இன்று தங்கப் பரப்பில் நனோமீற்றர் அளவுத் துளைகளை அமைத்து, தேடப்படும் டிஎன்ஏயின் எழுத்து வரிசையுடன் இணையக்கூடிய ஒற்றை இழைகளை அதில் பதித்துவைக்கிறார்கள். டிஎன்ஏ வந்து பிணைந்ததும் திரும்பும் ஒளியின் அலைநீளம் சற்று நகர்கிறது. ஆனால் ஒரு அட்டோமோலார் என்னும் மிக மிக நுண்ணிய செறிவுள்ள கரைசலின் 10 மைக்ரோலீற்றரில் இருப்பவை ஏறத்தாழ 6 மூலக்கூறுகள்தாம். அந்த ஆறும் உணரியின் பரப்பைத் தேடி வந்து சேர வேண்டும். சளியிலுள்ள புரதங்கள் அதற்குள் தங்கத்தில் ஒட்டிக்கொண்டு பொய்யான நகர்வைக் காட்டாதிருக்கவும் வேண்டும்.

இவை எல்லாம் சரியாக நடந்தாலும் உணரிக்குத் தெரிவது வரிசை மட்டுமே என்பதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. அந்த டிஎன்ஏ இப்போது நுரையீரலில் பெருகும் கிருமியினுடையதா, மருந்தால் எப்போதோ செத்துச் சிதைந்த கிருமியினுடையதா என்பதை அந்த வரிசை சொல்லாது. சிகிச்சை முடிந்து பல மாதங்களுக்குப் பின்னும், சிலரிடம் ஆண்டுகளுக்குப் பின்னும், செத்த கிருமியின் டிஎன்ஏ சளியில் வெளியேறுவதுண்டு. இதை நாங்கள் ஊகித்துச் சொல்லவில்லை. சளியில் காசநோய்க் கிருமியின் டிஎன்ஏயைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட் பரிசோதனையின் முந்தைய வடிவத்திற்கு ஒரு மில்லிலீற்றர் சளியில் நூற்றுக்கு மேற்பட்ட கிருமிகள் தேவைப்பட்டன. 2017 இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்ட 'அல்ட்ரா' வடிவத்திற்கு சுமார் 16 போதும். அந்தக் கூர்மையால்தான், முன்பு சிகிச்சை பெற்றவர்களிடம் நோயில்லாமலே நேர்விடை வருவதும் கூடியது. இன்னும் நுண்மையான உணரி இன்னும் பழைய எச்சங்களையும் பிடிக்கும். (மிகச் சிறிய அளவு என்று வரும் அறிக்கையைக்கொண்டு, காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்றுகூட எங்களால் சொல்ல இயலாது.) கிருமி உயிருடன் இருக்கிறதா என்பதை அறிய அதை வளர்த்துப் பார்க்க வேண்டும்; அதற்கு 8 வாரங்கள் வரை ஆகலாம்.

ஆகவே சிகிச்சை முடித்தவர்கள் தாமாகப் பணம் கட்டிச் சளியைக் கொடுக்காதீர்கள். இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு மீண்டும் வந்தால் அரசாங்க மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்திற்குச் செல்லுங்கள். அங்கே பரிசோதனையும் மருந்தும் இலவசம். இரண்டு வாரங்களுக்கு மேல் இருமுகிறவர்கள் புதிய உணரி வரட்டும் என்று ஒரு நாளும் காத்திருக்கலாகாது. காலையில் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, திறந்த வெளியில் நின்று, நெஞ்சின் ஆழத்திலிருந்து இருமிய சளியைக் கொடுங்கள், எச்சில் வேண்டாம்.

வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள்: காசநோய் காற்றால் பரவுகிறது, பீங்கானாலும் கோப்பையாலும் பரவுவதில்லை. அவருக்கு இன்றிரவே எல்லோருடனும் சேர்த்துச் சோறு போடுங்கள். அடுத்த முறை சளி கொடுக்கும்போது, முன்பு மருந்து எடுத்ததையும் அதை முடித்த மாதத்தையும் படிவத்தில் எழுதுங்கள். அதற்கென இடமில்லாவிட்டால் மேல் ஓரத்தில் எழுதுங்கள்.