எண்ணெயும் வழிகிறது, தோலும் உரிகிறது: பரு மருந்து போட்ட முகத்தில் நடப்பது என்ன?

சித்திரை வெயிலில் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் மதியத்துக்குள் முகம் பளபளவென்று மின்னும். பரு மருந்து தொடங்கி இரண்டு மூன்று வாரம் ஆனவர்களுக்கு அதே முகத்தில் மூக்கோரமும் வாயோரமும் செதில் செதிலாக உரியும். வெறும் தண்ணீர் பட்டாலே எரியும். எண்ணெய்தான் வழிகிறதே என்று இன்னும் இரண்டு தரம் சோப்புப் போடுகிறார்கள். அங்கேதான் காரியம் கெடுகிறது.

வழிகிற எண்ணெய்க்குப் பெயர் சீபம். மயிர்க்காலை ஒட்டிய சுரப்பியிலிருந்து வருகிறது. தோலுக்குள் ஈரத்தைப் பிடித்து வைக்கும் முக்கிய வேலை அதனுடையது அல்ல. தோலின் மேல்மட்டத்தில் இறந்த செல்கள் ஏறக்குறைய 15 முதல் 20 வரிசை அடுக்கியிருக்கும். அவற்றின் இடுக்குகளை செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் மூன்றும் சேர்ந்து அடைத்திருக்கும். ஈரம் தங்குவது இந்த அடைப்பால். வரப்பில் நண்டு வளை விழுந்துவிட்டால் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வந்தும் வயலில் நிற்காது. சீபம் எவ்வளவு சுரந்தாலும் இந்த வளையை அது அடைக்காது. எண்ணெய்ப் பசையும் வறட்சியும் ஒரே முகத்தில் இருப்பது இப்படித்தான்.

வளை போடுவது மருந்துதான். பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்ஸைடு பரு பாக்டீரியாவை ஆக்ஸிஜனேற்றத்தால் கொல்கிறது. தலையணை உறையை வெளுப்பதும் அதே வேதியியல். தோலின் வைட்டமின் ஈ-யையும் அது விட்டுவைப்பதில்லை. அடபலீன், ட்ரெடினாயின் என்ற பரு க்ரீம்கள் செல்கள் உதிரும் வேகத்தை மாற்றுவதால் மேலடுக்கு மெலிந்து உரியும். சாலிசிலிக் அமிலம் செல்களுக்கு இடையிலான பிடிப்பைத் தளர்த்தும். இவற்றையெல்லாம் முதல் நாளிலிருந்தே பூசினால் எரியாமல் என்ன செய்யும்? பென்சாயில் பெராக்ஸைடில் 2.5 சதவீதமே சிவந்த பருக்களுக்கு 5, 10 சதவீதத்துக்கு ஈடாக வேலை செய்கிறது, எரிச்சலும் குறைவு. 10 வாங்குவதில் லாபமில்லை.

தோலைக் காயவிட்டால் சுரப்பி வீம்புக்கு இன்னும் எண்ணெய் கொட்டும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். சுரப்பியை முக்கியமாக ஆட்டுவிப்பது ஆண்ட்ரோஜன் ஹார்மோன்கள். கழுவிய சில மணி நேரத்தில் மறுபடி மின்னுவதற்குக் காரணம், அது சுரப்பதை நிறுத்தவே இல்லை என்பதுதான்.

டெல்டாவில் தண்ணீரும் கணக்கில் வரும். போர் தண்ணீர் கடினமாக இருந்தால் அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் சோப்போடு சேர்ந்து கரையாத படலமாகி முகத்தில் தங்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரத்தில் உப்பும் சேர்கிறது. சோப்பின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 9, 10 வரை போகும். தோலுக்கோ 5-ஐ ஒட்டி இருந்தால்தான் செராமைடு உருவாக்கும் நொதிகள் ஒழுங்காக இயங்கும். ஆகவே சோப்பில்லாத ஃபேஸ் வாஷ், காலையும் இரவும் மட்டும், அரை நிமிடம். கடைசியில் ஒரு சொம்பு குடிதண்ணீரில் அலசினால் நல்லது. பயத்தமாவு தேய்ப்பது, முல்தானி மட்டி பூசுவது எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். எலுமிச்சைச் சாறு எப்போதுமே வேண்டாம். அதன் பிஎச் 2-ஐ ஒட்டியது, பூசிக்கொண்டு வெயிலில் போனால் தோல் கருகவும் கூடும்.

எரிச்சல் வந்துவிட்டால் பூச்சு மருந்துகளை ஐந்து முதல் ஏழு நாள் நிறுத்துங்கள். டாக்டர் எழுதிய மாத்திரையை மட்டும் கேட்காமல் நிறுத்தக் கூடாது. முகத்தை ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் கிளிசரின், செராமைடு உள்ள மெல்லிய ஜெல் க்ரீம் பூச வேண்டும். சுட்டுவிரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். முகத்துக்கு அவ்வளவில் தொடங்கலாம். க்ரீமில் நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வகை) இருந்தால் 2 முதல் 5 சதவீதம் போதும். 10 சதவீதம் சிலருக்கு முகத்தைச் சிவக்க வைக்கிறது. உரியும் ஓரங்களில் மட்டும் பெட்ரோலியம் ஜெல்லி, மினுக்கம் தெரியாத அளவுக்கு. தேங்காய் எண்ணெய் பரு வரும் முகத்தில் துளைகளை அடைக்கும். ஆலிவ் எண்ணெயின் ஒலீயிக் அமிலமோ இடுக்கு அடைப்பையே தளர்த்துகிறது. காற்றில்தான் இவ்வளவு ஈரப்பதம் இருக்கிறதே என்று க்ரீமை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்த ஈரம் வளையை அடைக்காது, வியர்வை உப்பு எரிச்சலைக் கூட்டும். பகலில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் அவசியம்.

தண்ணீர் பட்டு எரியவில்லை என்றால் மருந்தைத் திரும்பத் தொடங்கலாம். அடபலீன் 0.1 சதவீதம், முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு, வாரம் இரண்டு இரவு. இரண்டு வாரம் தாங்கினால் ஒன்றுவிட்டு ஒரு நாள். முகம் நன்றாகக் காய்ந்த பிறகே பூச வேண்டும், ஈரத்தோலில் மருந்து கூடுதலாக இறங்கும். முன்னும் பின்னும் க்ரீம் போட்டால் எரிச்சல் குறையும். பென்சாயில் பெராக்ஸைடைப் பூசி இரண்டு முதல் ஐந்து நிமிடத்தில் கழுவிவிடலாம். பலன் தெரிய எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். கர்ப்பிணிகளுக்கு அடபலீன், ட்ரெடினாயின் கூடாது. பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெடினாயின் மாத்திரை கருவுக்குப் பெரும் ஆபத்து.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் கிடைக்கிற பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டு கலந்த க்ரீம்கள் இரண்டே நாளில் சிவப்பை அடக்கிவிடும். தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நெற்றியில் ஒரே அளவில், அரிப்போடு சிறு சிறு பொரிகள் வந்தால் அது பருவாகவே இல்லாமல் மலசீசியா பூஞ்சையாக இருக்கலாம். அதற்குப் பரு மருந்து கேட்காது, தோல் மருத்துவரிடம் காட்டிப் பூஞ்சை மருந்து வாங்க வேண்டும்.